இடம் சொல்லுங்க அண்ணே

கார்த்திகை மாதம் ஒரு பையன் நெய்வேலியிலிருந்து பைக்கில் வந்து என் கடை வாசலில் நின்றான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். முதுகுப் பையில் புத்தம் புது மெட்டல் டிடெக்டர். நான் மோட்டார் காயில் கட்டுகிறவன், திருப்பாதிரிப்புலியூரில் சின்னக் கடை. பத்து வருஷமாக ஞாயிற்றுக்கிழமைகளில் கருவியைத் தூக்கிக்கொண்டு கடற்கரையில் நடப்பவன் என்பது யார் மூலமோ அவன் காதுக்குப் போயிருக்கிறது. டீ வாங்கிக் கொடுத்து உட்காரச் சொன்னேன். அவன் கருவியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. "மிஷின் ஓட்டக் கத்துக்கிட்டேன் அண்ணே. இடம்தான் தெரியல. நல்ல இடமா ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, போதும்" என்றான். எனக்குத் தெரிந்த இடங்களிலேயே நல்ல இடம் எது என்பது அவன் கேட்டு முடிப்பதற்குள் மனதில் வந்துவிட்டது. வாய்தான் வரவில்லை. "மாசி மகத்துக்கு மறுநாள் தேவனாம்பட்டினம் போ" என்று ஊருக்கே தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன். மாசி மகத்துக்கு அப்போது மூன்று மாதம் இருந்தது. அவன் முகம் வாடியதைப் பார்த்தேன். தெரிந்த இடத்தை மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டுதான் போயிருப்பான். மறைத்ததும் உண்மைதான். ஏன் மறைத்தேன் என்று அன்று கேட்டிருந்தால் எனக்கே சொல்லத் தெரிந்திருக்காது. அது உறுத்திக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

பழைய கோட்டையும் புதிய மணலும்

கருவி வாங்கின புதிதில் நானும் சரித்திரத்தில்தான் இடம் தேடினேன். கடலூர்க்காரனுக்குச் சரித்திரம் கால் வைக்கிற இடமெல்லாம் இருக்கிறது. 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து வாங்கிய ஆங்கிலேயர்கள், பீரங்கியைச் சுட்டு, குண்டு போய் விழுந்த தூரம் வரைக்கும் உள்ள ஊர்களைத் தங்களுடையதாக்கிக்கொண்ட கதை இங்கே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். குண்டு உப்பலவாடி என்ற பெயரை அதோடுதான் சேர்த்துச் சொல்வோம். 1756-ல் ராபர்ட் கிளைவ் ஆளுநராக இருந்த கோட்டை அது. 1758-ல் லாலியின் பிரெஞ்சுப் படை பிடித்து இடித்துத் தள்ளியது. 1783 ஜூன் மாதம் கரையில் முற்றுகை, கடலில் பிரெஞ்சுத் தளபதி சஃப்ரனுக்கும் ஆங்கிலேயத் தளபதி ஹியூஸுக்கும் கப்பல் சண்டை. இத்தனை நடந்த மண்ணில் ஒன்றும் கிடைக்காமலா போகும் என்று பழைய வரைபடத்தை போனில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கமே சுற்றினேன். மூன்றாவது வாரம் ஒரு ஈயக் குண்டு கிடைத்தது. புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, மேலெல்லாம் வெள்ளை பூத்திருந்தது. கை நடுங்கிவிட்டது. 1758-ல் யாரோ ஒரு சிப்பாயின் துப்பாக்கியிலிருந்து வந்தது என்றே நினைத்தேன். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவரிடம் காட்டினேன். வாங்கி, ஒரு ஊசியால் நடுவில் குத்தினார். மணல் உதிர்ந்து துளை தெரிந்தது. "வலை ஈயம் தம்பி. கயிறு கோத்த ஓட்டை இது" என்றார். பின்னால் அந்த மாதிரி ஈயம் நூற்றுக்கணக்கில் எடுத்திருக்கிறேன். கடலோரத்தில் ஈயம் காட்டினால் முதலில் வலையை நினைக்க வேண்டும் என்று அந்தப் பெரியவர்தான் கற்றுக்கொடுத்தார்.

அடுத்து எல்லோரும் சொல்லும் பெயர் அரிக்கமேடு. கருவி வைத்திருப்பது தெரிந்தால் போதும், "அரியாங்குப்பம் பக்கம்தானே, ரோமாபுரிக் காசு கிடைக்குமே" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே கருவியோடு போகக் கூடாது. அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிற இடம், உரிமம் இல்லாமல் ஒரு கைப்பிடி மண்ணைக்கூடத் தோண்டக் கூடாது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். 1945-ல் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டியபோது கிடைத்தவற்றில் பெரியது தங்கமோ வெள்ளியோ இல்லை, சிவப்பு நிற இத்தாலிய மண்பாண்டத்தின் உடைசல்கள். அந்த உடைசல் இன்ன காலத்தது என்று ரோம் நாட்டு ஆய்விலிருந்து தெரியும். அது கிடந்த அதே அடுக்கில் நம்மூர்ப் பானை ஓடும் கிடந்தது. அதை வைத்துத்தான் தென்னிந்தியப் பானை ஓடுகளுக்குக் காலம் சொல்ல ஒரு பிடி கிடைத்தது. பிறகு பிரெஞ்சு ஆய்வாளர் கசால் தோண்டினார், 1989-க்குப் பிறகு விமலா பெக்லி தோண்டினார். எல்லோருக்கும் பேசியது பானை ஓடும் கண்ணாடி மணியும் சாடியின் கைப்பிடியும்தான். நம் கருவிக்கு இதில் ஒன்றுகூடக் கேட்காது. ஓடு கேட்காது, மணி கேட்காது. எங்கோ ஒரு செம்புத் துண்டு கத்தும், அதை எடுக்க அந்த அடுக்கையே கலைத்துவிடுவோம். ஒரு புத்தகத்தில் பக்க எண்ணை மட்டும் கிழித்துக்கொண்டு போவதற்குச் சமம் அது. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையைப் பற்றியும் கேட்பார்கள். காந்தி சிலைக்கு எதிரே இருக்கும் மணலைப் பார்த்து, பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து மக்கள் உலாவிய கரை, எவ்வளவு விழுந்திருக்கும் என்று கணக்குப் போடுகிறார்கள். அங்கே முதலில் மணலின் வயதைக் கேட்க வேண்டும். 1980களின் கடைசியில் துறைமுகத்துக்காகக் கட்டிய கல் தடுப்பு, தெற்கிலிருந்து வடக்கே போகிற மணலை மறித்துவிட்டது. வடக்கே கரை அரித்துக்கொண்டே போய், கடைசியில் வெறும் பாறாங்கல் மட்டும் நின்றது. என் இளவயதில் புதுச்சேரிக்குப் போனால் பார்த்தது அந்தக் கருங்கல் குவியலைத்தான். 2018-ல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்கடியில் இரும்பாலான செயற்கைத் திட்டை இறக்கிய பிறகுதான் மணல் திரும்பி வந்து சேர்ந்தது. அதனால் அங்கே கிடைப்பது இந்தச் சில வருஷத்துக் காசும் பாட்டில் மூடியும்தான். பழைய பாலத்தின் தூண்களைப் பார்த்துக்கொண்டே பத்து ரூபாய்க் காசு எடுக்கலாம். லில்லிப் பூ ஒரு பக்கமும் தமிழில் புதுச்சேரி என்று மறுபக்கமும் அச்சிட்ட அந்தக் காலத்து டூடு என்ற செப்புக் காசு அந்த மணலில் இருக்க நியாயமில்லை. தொலைந்த மணலோடு அது எப்போதோ போய்விட்டது.

மணல் சொல்வது

கருவியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இடம் தேடுவது அதிலிருந்துதான் தொடங்குகிறது. காயில் கட்டுகிறவனுக்கு இது அந்நியமான பொருள் இல்லை. தட்டுக்குள் இரண்டு சுற்றுக் கம்பி. ஒன்று காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது, உலோகத்தில் சுழல் மின்னோட்டம் கிளம்புகிறது, அது திருப்பி அனுப்பும் புலத்தை மற்றொன்று கேட்கிறது. எவ்வளவு தாமதமாகத் திரும்பி வருகிறது என்பதை வைத்து இன்ன உலோகமாக இருக்கலாம் என்று ஒரு எண் காட்டும். ஒரு ரூபாய் அளவுள்ள பொருளென்றால் ஒரு சாண் ஆழம், நல்ல மண்ணாக இருந்தால் இன்னும் நாலு விரல். அவ்வளவுதான். பத்தடி ஆழத்துப் புதையலைக் காட்டும், தங்கத்தை மட்டும் காட்டும் என்று சொல்லி விற்கிறவர்களிடம் பணத்தைக் கொடுத்து அழுத குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். சின்ன தங்க மோதிரமும் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஜிகினாத் தாளும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டும். ஜிகினா வேண்டாம் என்று ஒதுக்கினால் மோதிரமும் சேர்ந்து போகும். நம்மூர்க் காசில் இன்னொரு சிக்கல். 1992-லிருந்து வந்த ஒரு ரூபாய் காந்தத்தில் ஒட்டும் எஃகு. இரும்பை ஒதுக்கும்படி கருவியை வைத்தால் அது பல சமயம் ஓசையில்லாமல் போய்விடும். வெளிநாட்டுக்காரர்கள் போடும் வீடியோவைப் பார்த்து அப்படியே கருவியை அமைத்துக்கொள்கிற பிள்ளைகள் காசின் மேலேயே நடந்து போகிறார்கள்.

ஆக, ஒரு சாண் ஆழத்துக்குள், சமீபத்தில் மனிதர்கள் கூடிய இடம் எது? நல்ல இடம் என்பதற்கு நான் கண்ட முதல் பதில் இந்தக் கேள்விதான். கடலூரில் அதற்குக் குறைவே இல்லை. மாசி மகத்துக்கு தேவனாம்பட்டினத்திலும் புதுச்சேரி வைத்திக்குப்பத்திலும் சுற்றுப்பட்டுக் கோயில் சாமிகளெல்லாம் கடலுக்கு வரும். தை அமாவாசை, ஆடி அமாவாசைக்கு முழுக்குப் போட வருவார்கள். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணைக் கரை நெடுக ஆத்துத் திருவிழா. கூட்டம் எங்கே இருந்தது என்பதைவிட, கூட்டம் என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்க வேண்டும். பெண்கள் முழங்கால் தண்ணீரில் கைகோத்து நிற்கிற வரிசையில் மெட்டியும் கொலுசும் கழலும். ஈரத் தலையைத் துவட்டுகிற இடத்தில் தோட்டுத் திருகாணி விழும். ஆற்று மணலில் பாய் விரித்துக் குடும்பத்தோடு சோறு சாப்பிட்ட இடத்தில் சட்டைப் பையிலிருந்து காசு உருளும். கரும்பு விற்றவர் நின்ற இடத்தில் எப்போதும் நாலைந்து கிடக்கும். திருவிழாவுக்கு நான் கருவி இல்லாமல்தான் போவேன். சாயங்காலம் முழுக்க யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று பார்த்துவிட்டு, மறுநாள் விடியலில் போவேன்.

கடலோரத்தில் இதோடு இன்னொரு கணக்கும் சேரும். கடல் ஒரு மாதம் போட்டுக் கொடுக்கும், ஒரே இரவில் வெட்டி எடுத்துக்கொண்டு போகும். வாடைக் காலத்துப் புயலுக்குப் பிறகு கரையில் இடுப்பளவு சுவர் மாதிரி மணல் வெட்டி நிற்கும். அந்த வெட்டின் அடியில் கறுப்பு மணல் கோடு போட்டிருந்தால் நின்றுவிட வேண்டும். கறுப்பு மணல் கனமான தாதுக்கள் சேர்ந்தது. அலை எதை இழுக்க முடியாமல் விட்டுப் போகிறதோ அது அங்கே தங்கும். 22 காரட் தங்கம் சாதாரண மணலைவிட ஆறேழு மடங்கு கனம், அதுவும் அங்கேதான் தங்கும். ஆனால் அதே கறுப்பு மணலில் இரும்புத் தாது இருப்பதால் கருவி கூச்சல் போடும். ஈர உப்புமணலும் மின்சாரத்தைக் கடத்துவதால் அதுவும் கத்தும். ஒற்றை அலைவரிசைக் கருவி அலை ஓரத்தில் திணறும். பல அலைவரிசைக் கருவி, அல்லது துடிப்பு முறையில் வேலை செய்யும் கருவி அங்கே தாங்கும். கேப்பர் மலைச் செம்மண்ணிலும் இதே தொல்லை, அது இரும்பு கலந்த மண். நல்ல இடம் என்று சொன்னாலும் அதைக் கேட்கிற காது வேண்டும்.

கொல்லைக்காரர்களின் நிலம் பற்றி ஒரே ஒரு விஷயம். பண்ருட்டிப் பக்கம் ஒரு நண்பரின் சொந்தக்காரர், மல்லாட்டை (நிலக்கடலை) பிடுங்கின கொல்லையில் தொலைந்த மோதிரத்தைத் தேடித் தரக் கூப்பிட்டார். வரப்பில் அரை மணி நேரம் நடப்பதற்குள் ஊர் கூடிவிட்டது. புதையல் எடுக்க ஆள் வந்திருக்கிறது என்று பேச்சு. பயம் அவர்கள் முகத்தில் இருந்தது, அதில் நியாயமும் இருந்தது. புதையல் ஆசை காட்டி என்னென்னவோ நடந்த பூமி இது. கருவியைக் கீழே வைத்துவிட்டு, என்ன தேடுகிறோம், எவ்வளவு ஆழம் போகும் என்று எல்லோருக்கும் காட்டினேன். மோதிரம் கிடைத்தது. அன்றிலிருந்து முதலில் ஊரிடம் பேசிவிட்டுத்தான் கருவியை எடுக்கிறேன். 1878-ஆம் வருஷத்துப் புதையல் சட்டத்தையும் அப்புறம்தான் படித்தேன். மண்ணில் மறைந்து கிடந்த எதுவாக இருந்தாலும் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பு இருந்தால் கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். யாரும் உரிமை கோராவிட்டால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு. பழம்பொருள் என்றால் அரசே எடுத்துக்கொள்ளலாம். 140 வருஷத்துக்கு மேலான சட்டம், அந்தப் பத்து ரூபாய் இன்னும் அப்படியே இருக்கிறது.

சவுக்குத் தோப்பு

அந்தப் பையனிடம் நான் சொல்லாத இடத்துக்கு வருகிறேன்.

தேவனாம்பட்டினத்துக்கும் தென்பெண்ணை முகத்துவாரத்துக்கும் நடுவில் எங்கோ ஒரு சவுக்குத் தோப்பு. அதற்குமேல் அடையாளம் சொல்லப் போவதில்லை. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயில் தாங்காமல் நிழலுக்காக உள்ளே நுழைந்தேன். கருவியை அணைக்காமல் தோளில் மாட்டியிருந்தேன். மரத்தில் சாய்த்து வைத்தவுடன் கத்தியது. தோண்டினேன், ஒரு எவர்சில்வர் டம்ளர். இரண்டடி தள்ளி ஒரு பூட்டு. அதற்குப் பக்கத்தில் இரண்டு ரூபாய். அன்று மூன்று மணி நேரத்தில் எடுத்ததைப் போல வேறெங்கும் நான் எடுத்ததில்லை. சாதாரணமாகக் கடற்கரையில் பத்துக் குப்பைக்கு ஒரு பொருள். இங்கே குப்பையே இல்லை. பாட்டில் மூடி இல்லை, ஜிகினா இல்லை. கரண்டி, மண்ணெண்ணெய் ஸ்டவ்வின் பித்தளை பர்னர், குழந்தைக் கொலுசின் சலங்கை இரண்டு, சாவிகள், ஒரு சின்ன காமாட்சி விளக்கு. சத்தம் அடர்த்தியாக இருந்ததால் இரும்பை ஒதுக்காமலேயே வைத்துத் தேடினேன், எஃகுக் காசும் தப்பவில்லை. நான்கு வாரம் போனேன். யாரிடமும் சொல்லவில்லை. என் அக்கா மகன் "மாமா, எங்கே போறீங்க" என்று கேட்டதற்குக்கூட மழுப்பினேன். பத்து வருஷத்தில் எனக்கு வாய்த்த நல்ல இடம் என்று நெஞ்சு நிறைந்திருந்தது.

நான்காவது வாரம் ராத்திரி, காசுகளை எலுமிச்சைச் சாற்றில் ஊறவைத்துத் தேய்த்து, வருஷ வாரியாக அடுக்கினேன். எப்போதும் செய்வதுதான். காசின் வருஷம் இடத்தின் ஜாதகம் மாதிரி, அங்கே எப்போது ஆள் நடமாட்டம் இருந்தது என்று சொல்லிவிடும். முப்பத்தொரு காசு. காண்டாமிருகம் போட்ட இருபத்தைந்து பைசா 1988, 1990. கதிர் போட்ட ஒரு ரூபாய் 1995, 1999, 2001. இந்திய வரைபடம் போட்ட இரண்டு ரூபாய் 2000, 2002. தடித்த ஐந்து ரூபாய் 2001. 2003 மூன்று. 2004 என்று ஒன்றே ஒன்று, ஏறக்குறைய தேயாமல். அதற்குப் பிறகு எதுவும் இல்லை. 2005-க்குப் பிறகு வந்த காசு ஒன்றுகூட இல்லை. கைவிரல் காசின் மேலேயே நின்றுவிட்டது. கடலூரில் பிறந்தவனுக்கு அதற்கு மேல் யாரும் விளக்க வேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது பத்தொன்பது வயது. மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் போனார்கள். நாங்கள் கல்யாண மண்டபத்தில் சாம்பார் சாதம் பொட்டலம் கட்டினோம், யாருக்கும் யாரிடமும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. தோப்பு நிற்கும் இடத்தில் இருந்த குப்பத்தை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், ஆனால் தோப்புக்குள் நின்றபோது அடையாளம் தெரியவில்லை. வீடுகள் இல்லை, பாதை இல்லை, பிறகு வைத்த சவுக்கு வானத்தை மறைத்து நின்றது. மேஜை மேல் கிடந்தது எல்லாம் ஒருவர் கைதவறிப் போட்டதில்லை. ஒரு காலை வேளையில் அடுப்பில் இருந்தது, அலமாரியில் இருந்தது, பிள்ளையின் காலில் இருந்தது. அந்தச் சலங்கை இரண்டையும் நான் அதற்குப் பிறகு கையில் எடுக்கவில்லை.

மறுநாள் கடையைத் திறக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னில் போட்டுக்கொண்டு, கருவி இல்லாமல் போனேன். தோப்புக்கு வெளியே கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தார் ஒரு ஆயா. எழுபது வயதுக்கு மேல். டின்னைத் திறந்து காட்டி, எங்கே எடுத்தேன் என்று சொன்னேன். திட்டுவார் என்று நினைத்துக்கொண்டுதான் நின்றேன். அவர் பர்னரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். காசுகளைப் பார்த்தார். "வா" என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தார்.

அந்த ஆயாவுக்கு மரங்கள் கண்ணிலேயே படவில்லை. இல்லாத சந்துகளில் திரும்பித் திரும்பி நடந்தார். "இது நாட்டாமை வூடு. மெத்தை வூடு. இந்தாண்ட கெணறு, நல்ல தண்ணி. அந்தாண்ட பூவரச மரம், அதுலதான் ஏலம் போடுவாங்க." ஒரு இடத்தில் நின்று, "இங்கதான் டீக்கடை. இங்க காசு கெடச்சிருக்குமே?" என்றார். முப்பத்தொன்றில் பதினான்கு காசு எடுத்தது அந்த இடத்தில்தான். நான் நான்கு வாரம் தட்டை ஆட்டி ஆட்டித் தெரிந்துகொண்டதைவிட அவர் காலுக்கு அதிகம் தெரிந்திருந்தது. பழைய வரைபடம், சாட்டிலைட் படம், மணல் வெட்டு, கறுப்பு மணல் என்று நான் சேர்த்து வைத்திருந்த அத்தனையும் அந்த ஆயாவின் பின்னால் நடந்தபோது சின்னதாகிவிட்டது. ஸ்டவ் இன்னார் வீட்டுடையது, அவர்கள் இப்போது சுனாமி நகரில் நான்காவது தெருவில் இருக்கிறார்கள் என்றார். பூட்டு யாருடையதென்று தெரியவில்லை. "பூட்டிட்டுப் போனவங்க யாரு அன்னிக்கு" என்றார்.

தோப்பின் தெற்கு ஓரத்துக்கு வந்ததும் நின்றார். அங்கே ஒரு மணல்மேடு, சவுக்கு கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தது. அதற்கடுத்த வாரம் அங்கேதான் தேடலாம் என்று மனதுக்குள் குறித்து வைத்திருந்தேன்.

"அந்தாண்ட மட்டும் போவாத தம்பி."

"ஏன் ஆயா?"

"அங்க ஆளுங்க இருக்காங்க."

குரலைத் தாழ்த்தியும் சொல்லவில்லை, அழவும் இல்லை. பக்கத்துத் தெருவில் ஆள் இருக்கிறார்கள், சத்தம் போடாதே என்று சொல்வது போலத்தான் சொன்னார். அந்த நாட்களில் நேரமும் இல்லாமல், ஆளும் இல்லாமல், கரையோரமாகவே குழிவெட்டி வைத்தார்கள் என்பது எனக்குத் தெரியும். எந்த இடம் என்பது தெரியாது. எந்தக் கருவிக்கும் தெரியாது. நான் அங்கே தட்டை ஆட்டியிருந்தால் அது கத்தியிருக்கும். கழுத்தில், காதில், காலில் இருந்ததற்கெல்லாம் கத்தியிருக்கும். நல்ல சத்தம் என்று நான் மண்டியிட்டுத் தோண்டியிருப்பேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது.

காமாட்சி விளக்கை அவரிடம் நீட்டினேன். உள்ளங்கையில் வைத்து முந்தானையால் துடைத்தார். "யாருதுன்னு தெரியல. எல்லா வூட்லயும் ஒண்ணு இருந்துது. மாரியம்மன் கோயில்ல வச்சிடு" என்றார். வைத்துவிட்டேன். பர்னரை அந்த வீட்டில் சேர்த்தபோது அவர்கள் அதை வாங்கிக்கொள்ளத் தயங்கினார்கள், வீட்டுக்குள் கொண்டுபோகவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. திண்ணையில் வைத்துவிட்டு எனக்கு மோர் கொடுத்தார்கள். காசுகளை ஆயா கோயில் உண்டியலில் போடச் சொன்னார். சலங்கையை அவரே எடுத்துக்கொண்டார், யாருடையது என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நான் அந்தத் தோப்புக்குப் போவதை நிறுத்திவிடவில்லை. வருஷத்தில் இரண்டு மூன்று முறை ஆயா கூப்பிடுவார். போன் அவருடைய பேத்தியினுடையது. "இன்னார் வந்திருக்காங்க, அவங்க வூடு இருந்த எடத்தைப் பாக்கணுமாம்" என்பார். அந்தக் குடும்பம் நிற்க, ஆயா காட்டுகிற இடத்தில் மட்டும் தேடுவேன். அவர்கள் எடுக்கச் சொன்னால் எடுப்பேன். சத்தம் கேட்டதும் "வேணாம், அப்படியே இருக்கட்டும்" என்று ஒருவர் சொன்னார், மண்ணைக்கூடக் கிளறாமல் திரும்பினோம். சிலர் ஒரு கரண்டிக்கு அரைமணி நேரம் அழுதிருக்கிறார்கள். நான் தேடப் போகிற எல்லா இடத்திலும் இப்போது இதே கேள்விதான் முதலில் வருகிறது: இங்கே வேண்டாம் என்று சொல்லக்கூடியவர் யார், அவரைப் பார்த்துவிட்டேனா?

நெய்வேலிப் பையனின் எண் கடை நோட்டில் இருந்தது. நேற்று கூப்பிட்டேன். தை ஐந்து ஆத்துத் திருவிழாவுக்குச் சாயங்காலமே வந்துவிடு, கருவி வேண்டாம், சும்மா என்னோடு நடந்து யார் எங்கே உட்காருகிறார்கள் என்று மட்டும் பார், ராத்திரி எங்கள் வீட்டில் தங்கி விடியலில் கருவியோடு போகலாம் என்றேன். சந்தோஷப்பட்டான். "அன்னிக்குச் சொல்லாம விட்ட எடம் ஒண்ணு இருக்குல்ல அண்ணே?" என்று கேட்டான், கண்டுபிடித்திருக்கிறான். இருக்கிறது என்றேன். அந்த இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது என் கையில் இல்லை, அதற்கு முன்னால் ஒரு ஆயா உன்னைப் பார்க்க வேண்டும் என்றேன். எப்போது பார்ப்பார் என்று கேட்டான். கருவாடு காயும் நேரத்தில் பத்து மணிக்கு மேல் கரையில்தான் இருப்பார், திருவிழா முடிந்து போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.